காட்டிக்கொடுத்தவனின் மகள்

சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தின் மாடியறையில் உட்கார்ந்திருப்பேன். மற்ற நாட்களில் மருந்துக்கடையில் வேலை. மாடியறைக்கு வருகிறவர்களுக்கு ஒரே ஆசைதான்: அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த தங்கள் முன்னோர் யார், எங்கே இறங்கினார்கள், எப்படிப் பிழைத்தார்கள் என்று தெரிய வேண்டும். பெரிய இடத்து ரத்தம் ஏதாவது தட்டுப்படும் என்ற நினைப்போடு வருவார்கள். நான் பழைய மக்கள்தொகைக் கணக்கைத் திறந்து காட்டுவேன். சுரங்கத் தொழிலாளி, சுரங்கத் தொழிலாளி, சுரங்கத் தொழிலாளியின் விதவை. பென்சில்வேனியாவின் சுரங்க ஊரான ரோவன்கேப்பில் வேறென்ன இருக்கும்?

அந்த மார்ச் மாதம் லியோ கோல் வந்தான். ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீடு பற்றி எரிந்தபோது என் அம்மாவைப் போர்வையில் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவன். அதற்குப் பிறகு அம்மா பதினோரு வருடம் இருந்தாள். லியோ எது கேட்டாலும் என்னால் முடியாது என்று சொல்ல வராது.

"பெர்னி, எனக்கு ஒருத்தனக் கண்டுபிடிச்சுக் குடு" என்றான்.

"உயிரோட இருக்கானா?"

"செத்து நூறு வருஷம் இருக்கும். அவன் வம்சம் எங்கயாவது இருக்கும்ல? அதுதான் வேணும். டேனியல் பிரெஸ்லின்."

ஊரில் அந்தப் பேரை யாரும் சாதாரணமாக உச்சரிப்பதில்லை. குடித்துவிட்டு அடித்தவனை இங்கே மறுநாளே மன்னித்துவிடுவார்கள். 'நீ ஒரு பிரெஸ்லின்' என்று சொன்னவனை மன்னிப்பதில்லை. 1877-இல் சுரங்க மேலாளர் ஒருவரைக் கொன்றதாக மூன்று பேரைத் தூக்கில் போட்டார்கள். அதில் ஒருவர் லியோவின் கொள்ளுத் தாத்தா கோண்டி கோல். மூவரோடும் ஒரே குழியில் நிலக்கரி வெட்டி, ஒரே மேசையில் குடித்து, ஒரே கோயிலில் மண்டியிட்ட பிரெஸ்லின்தான் கூண்டில் ஏறி அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னான். அதன் பிறகு அவனையும் அவன் குடும்பத்தையும் யாரும் பார்க்கவில்லை என்பது ஊர்ப்பேச்சு.

லியோ மூன்று வருடமாக அலைந்து அந்த மூவருக்கும் கல்லறைத் தோட்டத்தில் வைக்க ஒரு நினைவுக்கல் செய்வித்திருந்தான். ஜூன் மாதம் திறப்பு.

"திறக்கிற அன்னிக்கு அவன் பேரனுங்க, பேத்திங்க எல்லார் பேரையும் நான் மைக்ல படிக்கணும். எங்க இருக்காங்க, என்ன பண்றாங்க, எல்லாம்."

"படிச்சு?"

"படிச்சு ஒண்ணுமில்ல. ஊர் கேக்கட்டும். எங்க கொள்ளுப்பாட்டி பிரிட்ஜெட் முப்பத்தஞ்சு வயசுல புருஷனப் பறிகுடுத்து, ஊரான் துணி துவச்சுப் புள்ளைங்கள வளத்தா. அவன் மட்டும் எங்கயோ போயி சுகமா இருந்திருக்கான்."

அன்றே ஆரம்பித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆர்வம்தான். ஒளிந்துகொண்டவனைத் தேடுவதில் ஒரு ருசி இருக்கிறது.

1870 கணக்கில் அவன் சுலபமாகக் கிடைத்தான். டேனியல் பிரெஸ்லின், சுரங்கத் தொழிலாளி. மனைவி சபைனா. பிள்ளைகள் ஓவன் எட்டு, யூனிட்டி ஆறு, மேனஸ் மூன்று, ஹன்னா ஒன்று. யூனிட்டியின் வரியில் மட்டும் கடைசிக் கட்டத்தில் எழுதியிருந்தது: காது கேளாது, பேச்சு வராது. லியோவிடம் ஃபோனில் இதைச் சொன்னேன். "நல்லா வேணும்" என்றான். பிறகு அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். "அந்தக் குழந்தையச் சொல்லல" என்று முனகினான்.

1880 கணக்கில் பிரெஸ்லின் குடும்பம் எங்கும் இல்லை. பேரை மாற்றியிருப்பான் என்று எதிர்பார்த்ததுதான். ஆனால் ஆட்கள் ஊர்ப்பேரையும் குடும்பப்பேரையும் மாற்றுவார்கள். பிள்ளையைக் கூப்பிடுகிற பேரை மாற்ற மாட்டார்கள். அதிலும் காது கேட்காத குழந்தை. உதட்டைப் பார்த்துத் தன் பேரை அடையாளம் கண்டுகொள்ளப் பழகியவளிடம் போய், இனி உனக்கு வேறு பேர் என்று எப்படிச் சொல்வது? யூனிட்டி என்ற பேரை மட்டும் வைத்துத் தேடினேன். பென்சில்வேனியாவில் பிறந்தவள், பதினாறு வயது, பேச்சு வராதவள்.

இல்லினாய்ஸில் ஒரு சுரங்க ஊரில் இருந்தாள். அப்பா டேனியல், அம்மா சபைனா, தம்பி மேனஸ் பதின்மூன்று. ஓவனும் ஹன்னாவும் இல்லை. குடும்பப்பேர் ஹார்கின்.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன்.

ரோவன்கேப்பில் ஹார்கின் என்று ஒரே குடும்பம்தான் உண்டு. ஜெரார்ட் ஹார்கின். நகரசபையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். அதிர்ந்து பேசாதவன். அவன் மனைவி ரோஸ்மேரி என் பள்ளித் தோழி. அவள் லியோவின் சொந்தத் தங்கை.

வேறு ஹார்கினாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் அடுத்ததைத் திறந்தேன். 1890 கணக்குத் தாள்கள் எரிந்துபோனவை. அதனால் இருபது வருடம் தாண்டி 1900. மேனஸ் ஹார்கின், சுரங்கத் தொழிலாளி, ரோவன்கேப். அவன் பிள்ளைகளில் ஒருவன் ஜோசப். ஜெரார்டின் தாத்தா பேர் ஜோசப் என்று எனக்குத் தெரியும்; அவர் இறுதிச் சடங்குக்கே போயிருக்கிறேன். சந்தேகத்துக்கு இடமே இல்லை. தப்பியோடியவர்கள் இதே ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். ஜெரார்ட் பிரெஸ்லினின் நேர் வாரிசு.

மறுநாள் தேவாலயத்தில் ஞாயிற்றுப் பூசை முடிந்ததும் நகரசபை வண்டிக் கொட்டகைக்குப் போனேன். ஜெரார்ட் தனியாக நின்று வண்டிச் சக்கரத்தில் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தான். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல், "இல்லினாய்ஸ்ல உங்க ஆளுங்க யாராவது இருந்தாங்களா ஜெரி?" என்றேன்.

அவன் சங்கிலியை மெதுவாகத் தரையில் வைத்தான்.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"உனக்குத் தெரியுமா?"

"எங்கப்பா சாகறதுக்கு முன்னாடி சொன்னாரு. நாம ஹார்கின் இல்லடா, அது கொள்ளுப்பாட்டி சபைனாவோட பொறந்த வீட்டுப் பேருன்னு. அப்ப எனக்கும் ரோஸ்மேரிக்கும் நிச்சயம் ஆயிருந்துச்சு."

"அவகிட்ட சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? கோல் வீட்டுப் பொண்ணுகிட்ட? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னே முப்பத்தாறு வருஷம் ஓடிருச்சு." கையைத் துணியில் துடைத்தான். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான். "லியோகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"இல்லினாய்ஸோட தடயம் அறுந்து போச்சுன்னு சொல்லிடு பெர்னி. உன்ன அதுக்கு மேல எதுவும் கேக்க மாட்டேன்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"சொல்லாம இருன்னு சொல்றேன்."

கொஞ்ச நாள் பொறுப்பதாக மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அந்தத் தாள்களை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். என் வீட்டில் நான் ஒருத்திதான். யாரிடமிருந்து ஒளித்தேனோ தெரியவில்லை.

அந்த வாரம் லியோ மருந்துக்கடைக்கு வந்தபோது, கூட்டத்தைச் சாக்காக வைத்துப் பின்னறைக்குப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை தப்ப முடியவில்லை. இறைச்சி தொடாத தவக்கால வெள்ளி என்றால் ஊரே தீயணைப்புக் கூடத்தில் மீன் வறுவலுக்குக் கூடும். உருளைக்கிழங்கு அடையையும் மீனையும் தட்டில் வாங்கிக்கொண்டு திரும்பினால், ரோஸ்மேரி கையை ஆட்டிக் கூப்பிடுகிறாள். அவள் பக்கத்தில் ஜெரார்ட். எதிரே லியோ.

உட்கார்ந்தேன்.

"என்ன பெர்னி, என்னப் பாத்தா ஓடற?" என்றான் லியோ. "அந்த நாயி கெடச்சானா இல்லையா?"

"தேடிக்கிட்டிருக்கேன்."

"பேர மாத்திருப்பான். என்ன பேரு வச்சிருப்பான்னு நெனைக்கிற?"

ரோஸ்மேரி சிரித்தாள். "நல்லாத் தேடு பெர்னி. கடைசில எங்க வீட்லயே வந்து நிக்கப்போவுது. இவரு குறட்டையக் கேட்டா எதோ பெரிய பாவம் பண்ண பரம்பரை மாதிரிதான் இருக்கு."

பக்கத்து மேசைகூடச் சிரித்தது. லியோ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "அப்படி மட்டும் இருந்துச்சுன்னா மாப்ள, அந்த வறுக்கிற எண்ணெயிலயே ஒன்னத் தூக்கிப் போட்டிருவேன்!"

ஜெரார்டும் சிரிக்கத்தான் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை. "முள்ளு" என்று தொண்டையைக் காட்டிவிட்டு எழுந்து வெளியே போனான். ரோஸ்மேரி அவன் போன வழியையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

லியோ எதையும் கவனிக்கவில்லை. "நானே தேடப் பழகிட்டேன் பெர்னி. மருமக சொல்லிக் குடுத்தா. நீ அன்னிக்குச் சொன்னியே, அந்த ஊமைப் பொண்ணு பேரு, யூனிட்டி. எத்தன யூனிட்டி இருந்திருப்பாளுங்க? நாளைக்கு உக்காந்து அந்தப் பேர வச்சே தேடப்போறேன்."

தண்ணீர் எடுப்பது போல எழுந்து வெளியே போனேன். ஜெரார்ட் தன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தான்.

"நாளைக்கு அவனே கண்டுபிடிச்சிடுவான்" என்றேன். "வீட்டுக்குப் போனதும் ரோஸ்மேரிகிட்ட சொல்லிடு. அவன் வாயால அவ கேக்கக் கூடாது."

அவன் கதவைத் திறந்து வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டான்.

காலையில் என் வீட்டுக் கதவு இடிபட்டது. ரோஸ்மேரி. வீட்டில் போடுகிற செருப்போடு வந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"எனக்கு முன்னாடி உனக்குத் தெரிஞ்சிருக்கு. நேத்து நான் வெளையாட்டாப் பேசி எல்லாரும் சிரிக்கறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த."

"ரோஸ்மேரி..."

"பேசாத. முப்பத்தாறு வருஷம் ஒரே கட்டில்ல படுத்திருக்கேன். ஒவ்வொரு வருஷமும் எங்க கொள்ளுத் தாத்தா கல்லறைக்கு எங்கூடப் பூ எடுத்துட்டு வருவாரு. என்ன நெனச்சுக்கிட்டு வந்தாரு அந்த மனுஷன்?" என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "அந்தத் தாளையெல்லாம் எடு. பாக்கணும்."

மேசையில் பரப்பினேன். அவளுக்கு ஒவ்வொன்றாக விளக்கினேன். அப்போதுதான் நானே சரியாகப் பார்க்காமல் விட்டதைப் பார்த்தேன். 1900-ஆம் வருடத் தாளில் ஹார்கின் வீட்டை மட்டும் தேடிப் பிடித்திருந்தேன். டேனியல் அதற்குள் செத்திருந்தான். சபைனா விதவை, பெற்றது ஏழு, உயிரோடு இருப்பது இரண்டு. அதற்குமேல் என் கண் போகவில்லை. கணக்கெடுப்பவர் வீடு வீடாக நடந்து எழுதுவார். அடுத்த வரி என்றால் அடுத்த வீடு. ரோஸ்மேரியின் விரல்தான் அந்த அடுத்த வரியில் போய் நின்றது.

பிரிட்ஜெட் கோல். விதவை.

"இது எங்க கொள்ளுப்பாட்டி" என்றாள். "பக்கத்து வீடா? ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வீட்லயா இருந்தாங்க?"

கணினியைத் திறந்து 1910-ஐத் தேடினேன். ஹார்கின் வீட்டில் சபைனா இல்லை, இறந்திருக்க வேண்டும். யூனிட்டியும் இல்லை. பிரிட்ஜெட் கோல் வீட்டைத் திறந்தேன். வீட்டுத் தலைவி பிரிட்ஜெட், வயது அறுபத்தெட்டு. கீழே இன்னும் ஒரே ஒரு பேர். யூனிட்டி ஹார்கின், நாற்பத்தாறு. உடன் வசிப்பவள். பேச்சு வராது.

அந்தப் பக்கத்தையும் அச்செடுத்தேன். பிறகு ரோஸ்மேரி தாள்களை அடுக்கிக் கையில் எடுத்தாள். "ஜெரிய வரச் சொல்லு. லியோ வீட்டுக்குப் போறோம்."

லியோ கொட்டகையில் இருந்தான். நினைவுக்கல் மரக்கட்டைகள் மேல் படுத்திருந்தது. மூலையில் மேசை மேல் மடிக்கணினி. எங்களைக் கண்டதும் திரும்பினான். அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இல்லினாய்ஸ் வரை வந்துவிட்டான்.

"ஹார்கின்னு போட்டிருக்கு" என்றான். ஜெரார்டைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. "தப்பாப் படிக்கிறேனா பெர்னி?"

"இல்ல லியோ."

அவ்வளவு பெரிய உடம்பு அத்தனை வேகமாக நகரும் என்று நான் நினைக்கவில்லை. ஜெரார்டின் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு தள்ளினான். ஆணியில் தொங்கிய மண்வெட்டி கீழே விழுந்தது. ஜெரார்ட் கையைக்கூட உயர்த்தவில்லை.

"எந்தங்கச்சியக் கட்டின! எங்கூட உக்காந்து தின்ன! தெரிஞ்சுக்கிட்டே!"

"தெரிஞ்சுக்கிட்டேதான்" என்றான் ஜெரார்ட்.

"விடு அவர" என்று ரோஸ்மேரி இருவருக்கும் நடுவில் கையை நுழைத்தாள். "அவர நான் திட்டிக்கிறேன். நீ கைய எடு. எடுத்துட்டு இதப் படி."

லியோ கையை எடுத்தான். மூச்சிரைத்தது. தாளை வாங்கி, கண்ணாடியைத் தேடி, போட்டுக்கொண்டு படித்தான். இரண்டாவது தாளையும் படித்தான். நான் விளக்க வாயெடுத்தேன்; ரோஸ்மேரி என் கையை அழுத்தினாள்.

"பிரிட்ஜெட்டுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றான் கடைசியில். "பேர மாத்திக்கிட்டு வந்து ஏமாத்திருக்காளுங்க."

"தூக்குக்கு முன்னாடி ரெண்டு பொம்பளைங்களும் அஞ்சாறு வருஷம் ஒரே வரிசை வீட்ல இருந்தவங்க லியோ" என்றேன். "சபைனாவோட மூஞ்சி தெரியாதா? பேச்சு வராத பொண்ணு வேற. அப்ப ஊர்ல யாருக்குமே தெரியாம இருந்திருக்காது. தெரிஞ்சும் வாயத் தொறக்காம இருந்திருக்காங்க."

"அப்ப ஏன் சேத்துக்கிட்டா?"

ஜெரார்ட் காலரைச் சரிசெய்துகொண்டு சொன்னான்: "எங்கப்பா ஒண்ணு சொன்னாரு. மூத்த பையன் ஓவனையும் அப்பப் புடிச்சு உள்ள வச்சிருந்தாங்களாம். பதினஞ்சு வயசு. அவன் கழுத்துக்கும் கயிறு வரும்னு மெரட்டித்தான் டேனியலப் பேச வச்சாங்களாம். நெசமா பொய்யா எனக்குத் தெரியாது. அவரு பண்ணது சரின்னும் சொல்ல வரல."

"உங்கப்பன் அப்படித்தான் சொல்லுவான்."

"ஆமா. அப்படித்தான் சொல்லுவாரு."

"போங்க" என்றான் லியோ. "மூணு பேரும் போங்க."

ஜூன் மாதம் திறப்பு விழா நடந்தது. வெயில். கல்லறைத் தோட்டம் நிரம்பக் கூட்டம். கோல் குடும்பத்துக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். ரோஸ்மேரி அங்கே உட்காரவில்லை. வேலியோரம் ஜெரார்டோடு நின்றாள். அவள் அவனோடு சரியாகப் பேசத் தொடங்கியிருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அங்கேதான் நின்றாள். லியோ மைக்கைப் பிடித்தான். கையில் மடித்த தாள் இருந்தது. மூன்று பேர்களைப் படித்தான். கோண்டி கோல் என்ற இடத்தில் குரல் தடுமாறியது. பிறகு தாளைத் திருப்பினான், பின்பக்கத்தைப் பார்த்தான், கூட்டத்துக்கு மேலே வேலிப் பக்கம் பார்த்தான்.

"அவ்வளவுதான்" என்று சொல்லி மைக்கை வைத்துவிட்டு இறங்கிப் போனான். சாப்பாட்டுக்கு வரவில்லை.

கோடை முழுதும் அவன் தங்கை வீட்டுப் பக்கம் போகவில்லை. ஆகஸ்டில் ஒருநாள் மருந்துக்கடைக்கு வந்து ரத்த அழுத்த மாத்திரை வாங்கினான். போகிறவன் நின்றான்.

"அந்தப் பொண்ண எங்க பொதச்சாங்க?"

நான் ஏற்கெனவே பங்குச் சாமியாரிடம் கேட்டு வைத்திருந்தேன். "உங்க இடத்துலதான் லியோ. பிரிட்ஜெட்டுக்கு இந்தப் பக்கம். கல்லு வைக்கல."

"அங்க ஒண்ணுமில்லன்னு நெனச்சுப் புல்லு வெட்டற வண்டிய அது மேலதான் ஓட்டிக்கிட்டிருந்தேன்" என்றான். மாத்திரையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, நான் ரோஸ்மேரியின் சமையலறையில் இருந்தேன். பின்கதவைத் தட்டிவிட்டு லியோ உள்ளே வந்தான். ரோஸ்மேரி கையிலிருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். லியோ அவளைப் பார்க்கவில்லை, மேசையில் உட்கார்ந்திருந்த ஜெரார்டைப் பார்த்தான். ஏழு மாதத்தில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை:

"கல்லு செய்யச் சொல்லிருக்கேன். அந்தப் பொண்ணுக்கு. எந்தப் பேரு போடறது? ஹார்கினா, பிரெஸ்லினா?"

ஜெரார்ட் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். ஹார்கின் என்றால் முடிந்தது. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஊரில் நாங்கள் நால்வர்தான் அறிவோம். ரோஸ்மேரியை ஏறிட்டுப் பார்த்தான். அவள் உதவி செய்யவில்லை.

"பிரெஸ்லின்" என்றான். "அவ பொறந்த பேரு அதுதான்."

"ஊரே பாக்கும் மாப்ள. கோல் வீட்டுக் கல்லறைல அந்தப் பேரு. யாரு என்னன்னு கேப்பாங்க. எங்கிட்டயும் கேப்பாங்க, உங்கிட்டயும் கேப்பாங்க."

"கேக்கட்டும். எங்க வீட்டுப் பொண்ணுன்னு சொல்றேன்."

லியோ சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினான். "எழுத்துக்கூட்டி எழுதிக் குடு" என்றான். ரோஸ்மேரி உட்காரச் சொன்னாள். வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டான்.

முதல் பனி விழுவதற்கு முன் அந்தக் கல்லை வைத்தார்கள். சின்னக் கல்தான், ஆனால் ஒரு ஆளால் தூக்க முடியாது. லியோ ஒரு முனை, ஜெரார்ட் ஒரு முனை. "ஒம் பக்கம் தாழுது" என்றான் லியோ. "இப்ப?" என்றான் ஜெரார்ட். "இன்னும் கொஞ்சம்." அதற்குமேல் இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. நானும் ரோஸ்மேரியும் குளிரில் கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றோம். மேல்சந்திலிருந்து நாயோடு வந்த ஒருவர் வேலியருகே நின்று கல்லில் இருந்த பேரைப் படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார்.

"இது யாரு?" என்று கேட்டார்.

ஜெரார்ட் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து வேலியை நோக்கி நடந்தான்.